ஒரு ரிங்கிட் சீட்டுக்குப் பின்னால்

(சங்கத்தின் பொன்விழாக் கூட்டத்தில் இளம் வணிகர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.



சங்கம் கடந்து வந்த ஐம்பது ஆண்டுகளைப் பற்றிப் பெரியவர்கள் முன்னரே நிறைவாகச் சொல்லிவிட்டார்கள். எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு 'அரசாங்கக் கொள்கையும் மக்கள் சுகாதாரமும்'. கேட்டவுடன், இது டாக்டர்களும் அதிகாரிகளும் பேச வேண்டிய விஷயமாயிற்றே, கடைக்காரர்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரு குடும்பம் எதைப் பெரிதாக நினைக்கிறது என்பதை அதன் பேச்சில் பார்க்க முடியாது; அதன் செலவில்தான் பார்க்க முடியும். நாட்டுக்கும் அதே கணக்குதான்.

அரசாங்க மருந்தகத்துக்குப் போகிறோம். குடிமக்கள் ஒரு ரிங்கிட் கட்டினால் டாக்டரைப் பார்க்கலாம், மருந்தும் வாங்கிக்கொள்ளலாம். நிபுணர் மருத்துவரிடம் போனால் ஐந்து ரிங்கிட். இந்தக் கட்டணம் 1982ஆம் ஆண்டுக் கட்டண ஆணையில் வந்தது. ஒரு ரிங்கிட்டுக்கு இன்று ஒரு தே தாரிக் கூடக் கிடைப்பதில்லை. அப்படியானால் மீதிப் பணத்தை யார் கட்டுகிறார்கள்? 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் சுகாதார அமைச்சுக்கு 4,530 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. நாட்டு மக்கள் தொகையால் வகுத்தால் தலைக்கு ஏறக்குறைய 1,300 ரிங்கிட். அது நம்முடைய வரிப் பணம். அதை எங்கே செலவு செய்வது, எங்கே நிறுத்துவது என்று புத்ராஜெயாவில் எடுக்கும் முடிவு, புக்கிட் ரம்பாயில் நம் வீட்டுப் பெரியவரின் மருந்துப் பையில் வந்து நிற்கிறது.

நம் மார்க்க வரலாற்றில்

ஆட்சியாளர் எடுக்கும் முடிவுக்கும் மக்கள் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு நமக்குப் புதிதல்ல. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டையொட்டி அம்வாஸ் கொள்ளைநோய் சிரியாவில் பரவியது. அந்தப் பக்கம் பயணம் புறப்பட்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃ என்ற இடத்தில் செய்தி கேட்டார்கள். உடனிருந்தவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். கருத்துகள் இரண்டாகப் பிரிந்தன. கடைசியில் மக்களைக் கூட்டிக்கொண்டு மதீனா திரும்புவது என்று முடிவெடுத்தார்கள். ஆலோசனை, தகவல், பொறுப்பேற்று எடுத்த முடிவு ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன.

பணத்துக்கும் வழி காட்டினார்கள். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனை வக்ஃபு சொத்துகளின் வருமானத்தில் நடந்தது. கட்டடம் எழுப்புவது ஒருநாள் புகழ்; அதை வருடாவருடம் நடத்துவதற்கு நிலையான வருமானம் வைப்பதுதான் உண்மையான தர்மம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். இன்றைய அரசாங்கங்கள் மறந்துபோகும் பாடம் அது.

புழுங்கல் அரிசி சொன்ன பாடம்

இந்த மண்ணில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்றால் எல்லோரும் நடுங்கினார்கள். கால் மரத்துப்போகும், வீங்கும், நடக்க முடியாது, கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்கள் ஏராளமாக மாண்டார்கள். தோட்டத்துத் தமிழர்களிடம் மட்டும் அது அதிகம் காணப்படவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் இதைக் கவனித்தார். மற்றவர்கள் சாப்பிட்டது தீட்டிய வெள்ளை அரிசி. நம்மவர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி.

1905இல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் டாக்டர் ஃபிளெட்சர் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார். ஒவ்வொரு பிரிவிலும் ஏறத்தாழ 120 பேர். ஒரு பிரிவுக்குத் தீட்டிய அரிசி, மற்றதற்குப் புழுங்கல் அரிசி. ஓராண்டில் தீட்டிய அரிசி சாப்பிட்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் அரிசிப் பக்கம் அந்த நோயால் ஒருவர்கூட இறக்கவில்லை. பின்னர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலானில் சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளர்களிடம் ஆராய்ந்து அதை உறுதி செய்தார்கள். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அந்தச் சத்துக்குப் பிற்காலத்தில் வைட்டமின் பி1 என்று பெயர் வந்தது.

இதில் நமக்கு முக்கியமான செய்தி எது? புதிய மருந்து எதுவும் வரவில்லை, பெரிய மருத்துவமனையும் கட்டவில்லை. அரசாங்கம் தன் மருத்துவமனைகளுக்கும் சிறைகளுக்கும் வாங்கும் அரிசியை மாற்றியது. கொள்முதல் சீட்டில் எழுதும் ஒரு வரி எத்தனை உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. மளிகைக்கடை வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

தோட்டத்து எல்லை

மலேரியாவின் கதை வேறு மாதிரி. கொசுவால்தான் மலேரியா பரவுகிறது என்பதற்கான தடயத்தை ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டார். 1901இல் கிள்ளானிலும் புதிதாகத் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் மலேரியா ஆளை வாரிக்கொண்டு போனது. துறைமுகத்தையே மூட வேண்டிய நிலை. மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டுங்கள் என்றார். அரசாங்கம் பணம் கொடுத்தது. ஓரிரு ஆண்டில் இறப்பு பெருமளவு குறைந்தது.

ஆனால் அதே வடிகால் எல்லாத் தோட்டங்களுக்கும் உடனே வந்ததா? இல்லை. நகரத்துக்கும் துறைமுகத்துக்கும் அரசாங்கம் செலவு செய்தது. தோட்டத்துக்கு முதலாளி செலவு செய்ய வேண்டும் என்றது. ரப்பர் விலை நன்றாக இருக்கும்போது வடிகால் வெட்டினார்கள். விலை விழுந்தால் முதலில் வெட்டப்பட்டது அந்தச் செலவுதான். லயத்தில் இருந்தவர்களின் காய்ச்சல் லண்டன் ரப்பர் சந்தையைப் பொறுத்து ஏறி இறங்கியது.

சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த எல்லைக் கோடு அழியவில்லை. தோட்டம் தனியார் நிலம். அதனால் கிராமங்களுக்குப் போன குடிநீர், மின்சாரம், சுகாதாரத் திட்டங்கள் பல தோட்டத்து வாசலில் நின்றுவிட்டன. உள்ளே ஒரு டிரெசர், ஒரு மருந்து அலமாரி, ஓர் ஆயாக் கொட்டகை. மலாக்காத் தோட்டங்களில் வளர்ந்த குடும்பங்கள் இங்கே நிறைய உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரே நாடு, ஒரே மழை, ஒரே கொசு. கொள்கைப் புத்தகத்தில் போட்ட ஒரு கோடு, இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கும் அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கும் வேறு வேறு ஆயுளைக் கொடுத்தது.

கிராமத்து மருந்தகம் சாதித்தது

குறையைச் சொன்னால் நிறையையும் சொல்ல வேண்டும். 1950களின் நடுவில் தொடங்கிய கிராம சுகாதாரத் திட்டம் இந்த நாட்டின் பெருமை. 50,000 பேருக்கு ஒரு பெரிய சுகாதார மையம், அதன் கீழ் நான்கு சிறு மையங்கள், அவற்றின் கீழ் இருபது மருத்துவச்சி மருந்தகங்கள் என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள். 1970களில் அதை மாற்றி, 4,000 பேருக்கு ஒரு கிராம மருந்தகம் என்று இன்னும் அருகில் கொண்டுவந்தார்கள். பயிற்சி பெற்ற தாதி சைக்கிளில் வீடு தேடி வந்து, கர்ப்பிணிகளைப் பார்த்தார். ஊர்ப் பிரசவம் பார்க்கும் பாட்டிமார்களையும் விரட்டவில்லை. அவர்களுக்கும் பயிற்சி கொடுத்துக் கூட வைத்துக்கொண்டார்கள்.

பலன் என்ன? 1957இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 75 குழந்தைகள் ஒரு வயதைக் காணவில்லை. இன்று அந்த எண்ணிக்கை ஏழையொட்டி இருக்கிறது. அப்போது ஒரு லட்சம் பிரசவத்துக்கு ஏறத்தாழ 280 தாய்மார்கள் இறந்தார்கள். இன்று இருபதுகளில் நிற்கிறது. நம் சங்கத்துப் பெரியவர்கள் தங்கள் வீட்டுக் கணக்கைப் பார்த்தாலே போதும். பிறந்து தவறிய பிள்ளைகளைச் சேர்த்து எண்ணும் வழக்கம் நம் பாட்டிமார்களோடு முடிந்துபோயிற்று. அல்ஹம்துலில்லாஹ். அதற்குப் பின்னால் இருபது முப்பது ஆண்டுகள் விடாமல் ஒதுக்கிய பணம் இருக்கிறது.

சீனிக் கணக்கு

இனி நம் தொழிலுக்கு வருவோம். கொஞ்சம் கசப்பாக இருக்கும். விஷயம் என்னவோ இனிப்பு.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களில் பத்தில் மூன்று பேருக்கு. இன்று நாட்டில் 50,000க்கும் அதிகமானோர் டயாலிசிஸ் செய்துகொண்டிருக்கிறார்கள். புதிதாகச் சேருவோரில் பாதிக்கு மேல் இனிப்புநீரால் சிறுநீரகம் போனவர்கள். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். வேலைக்குப் போக முடியாது, பயணம் போக முடியாது. நம் ஜமாஅத்தில் எத்தனை வீட்டில் இந்த நாற்காலி வந்துவிட்டது என்று உங்களுக்கே தெரியும்.

அரசாங்கம் என்ன செய்தது? 2013 அக்டோபரில் சீனிக்குக் கொடுத்துவந்த கிலோவுக்கு 34 சென் உதவித்தொகையை நீக்கியது. 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து, 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பாட்டில், டின் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் கலால் வரி போட்டது. 2024இல் அது 50 சென் ஆனது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மேலும் 40 சென் உயர்வு அறிவிக்கப்பட்டது. அந்த வருமானம் இனிப்புநீர் மருந்துக்கும் டயாலிசிஸ் சேவைக்கும் போகும் என்றார்கள். பல நிறுவனங்கள் வரியிலிருந்து தப்புவதற்காகவே பானத்தில் சீனியைக் குறைத்தன. வரி வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

ஆனால் இன்னொரு கையைப் பாருங்கள். 2023 நவம்பரில், சீனி ஆலைகள் நட்டம் என்று சொன்னபோது, விலைக் கட்டுப்பாட்டுச் சீனி கிலோ 2 ரிங்கிட் 85 சென்னிலேயே நிற்க வேண்டும் என்பதற்காகக் கிலோவுக்கு ஒரு ரிங்கிட் ஊக்கத்தொகை கொடுத்தது அதே அரசாங்கம். ஒரு கை டின்னுக்கு வரி போடுகிறது, மறு கை சாக்கை மலிவாக்குகிறது. காரணம் இல்லாமல் இல்லை. விலை ஏறினால் ஏழைக் குடும்பமும் சிறு கடையும் முதலில் அடிபடும். ஆயினும் கஜானாவின் இரண்டு கைகளும் எதிரெதிராக இழுக்கும்போது நடுவில் கிழிவது மக்களின் உடல்தான்.

அந்த வரி எட்டாத இடம் ஒன்று உண்டு. அது உணவகத்தில் கலக்கும் கிளாஸ். பாட்டிலில் அடைத்த தேநீருக்கு வரி உண்டு. தட்டில் வைத்துக் கொடுக்கும் தே தாரிக்குக்குக் கிடையாது. பத்து கிராம் சீனியின் விலை கட்டுப்பாட்டு விலையில் மூன்று சென்னுக்கும் குறைவு. அதைக் குறைத்தால் கடைக்கு நட்டமும் இல்லை, பெரிய லாபமும் இல்லை. சிலர் சொல்வார்கள், 'வாடிக்கையாளர் கேட்பதைத்தானே கொடுக்கிறோம்' என்று. நியாயம்தான். ஆனால் வாடிக்கையாளர் ஒன்றும் சொல்லாமல் 'தே ஒன்று' என்று கேட்டால், எவ்வளவு இனிப்பு போடுவது என்பதை முடிவு செய்வது கலக்குபவர்தான். அந்த இடத்தில் நாமும் ஒரு சின்ன அரசாங்கம். ஒரு கடையின் வழக்கமான அளவு எது என்பதும் ஒரு கொள்கை முடிவே.

மருந்தின் விலை

துணிந்து எடுத்த முடிவு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் நோயுடன் மலேசியாவில் சுமார் 4 லட்சம் பேர் வாழ்வதாக மதிப்பிட்டிருந்தார்கள். அதைக் குணப்படுத்தும் சோஃபோஸ்புவிர் மாத்திரை வந்தபோது அமெரிக்காவில் ஒன்றின் விலை 1,000 டாலர். முழுச் சிகிச்சை 84,000 டாலர். மருந்து இருந்தும் இல்லாத மாதிரி. 2017 செப்டம்பரில் மலேசிய அரசாங்கம், காப்புரிமைச் சட்டம் தந்த அதிகாரத்தைக் கொண்டு, அந்த மருந்தின் மலிவான வடிவத்தை அரசாங்க மருத்துவமனைகளுக்காக வாங்க உரிமம் பிறப்பித்தது. பெரிய நிறுவனங்களுக்கு அது பிடிக்கவில்லை. அரசாங்கம் பின்வாங்கவில்லை. 2018 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் இலவசமாகச் சிகிச்சை தொடங்கியது. சிறிய நாடு, கையெழுத்து ஒன்றே ஒன்று. அதன் பலன் பல்லாயிரம் குடும்பங்களுக்கு.

எதிர்மாறாகவும் நடக்கும். 2023 மார்ச் 31ஆம் தேதி, வேப்புக்கு வரி வசூலிக்க வழி செய்வதற்காக, திரவ நிக்கோட்டின் விஷப் பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. வயது வரம்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததோ 2024 அக்டோபர் முதல் தேதி. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டு, பள்ளிப் பிள்ளைக்கு அதை விற்பதைத் தடுக்கச் சரியான சட்டம் இல்லை. கஜானாவுக்கு வழி திறந்தவர்கள் கதவுக்குப் பூட்டுப் போடப் பிந்திவிட்டார்கள்.

டாக்டர்கள் விஷயமும் அப்படித்தான். 2016 டிசம்பரில் தொடங்கிய ஒப்பந்த முறையில் சேர்ந்த இளம் டாக்டர்கள், கோவிட் உச்சத்தில் இருந்த 2021 ஜூலை 26ஆம் தேதி வேலைநிறுத்தத்தில் இறங்கும் நிலை வந்தது. நிரந்தரப் பதவிக்குப் பணம் ஒதுக்காத முடிவின் விலையை இன்று காத்திருப்பு அறையில் நாம் கட்டுகிறோம். பணமாக அல்ல, நேரமாக.

நம் கடைத் தொழிலாளர்கள்

நாட்டு எல்லைக்கு வெளியிலிருந்து வந்து நம் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றியும் பேச வேண்டும். அவர்களுக்கு அந்த ஒரு ரிங்கிட் சீட்டு கிடையாது. அரசாங்க மருத்துவமனையில் முழுக் கட்டணம். 2011 முதல் கட்டாயமான காப்புறுதி, மருத்துவமனையில் படுத்தால்தான் உதவும். சாதாரண காய்ச்சலுக்கும் இருமலுக்கும் உதவாது. அதனால் சம்பளம் குறையுமே என்று இருமலை மறைப்பவர்கள் உண்டு. நாட்டில் ஆண்டுக்கு 25,000 பேருக்கு மேல் காசநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. மறைத்த இருமல் அடுப்படியோடு நிற்காது. தோட்டத்து வாசலில் போட்ட அதே பழைய கோடுதான் இது, வேறு இடத்தில். நம் பாட்டனார்கள் அந்தக் கோட்டுக்கு உள்ளே நின்றார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

நாம் செய்யக்கூடியது

2023 ஜூனில் நாடாளுமன்றம் சுகாதார வெள்ளை அறிக்கையை ஏற்றுக்கொண்டது. பொதுச் சுகாதாரச் செலவை நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காட்டுக்குக் கொண்டுபோவது அதன் இலக்கு. அறிக்கை நல்லது. ஆனால் வருடா வருடம் ஒதுக்கீட்டைப் பார்த்துக் கேள்வி கேட்பவர்கள் இருந்தால்தான் அது நடக்கும். கோரிக்கைக் கடிதம் எழுதும் பழக்கம் நம் சங்கத்துக்கு ஐம்பது ஆண்டுகளாக உண்டு. பள்ளிவாசல் நிலத்துக்கும் மையத்துக் கொல்லைக்கும் எழுதிய கை, மருந்தகத்துக்கு இன்னொரு டாக்டர் வேண்டும் என்றும் எழுதலாம்.

இரண்டாவது, இருப்பதைப் பயன்படுத்துவது. 2019 முதல் பெக்கா பி40 திட்டம் நடக்கிறது. அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பங்களில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கும் அவர்களின் துணைவருக்கும் பதிவு பெற்ற தனியார் கிளினிக்கில் இலவசப் பரிசோதனை. புற்றுநோய்ச் சிகிச்சையை முடித்தால் 1,000 ரிங்கிட், தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 ரிங்கிட் வரை. பெர்கேசோ சந்தாதாரர்களுக்கும் 40 வயதுக்கு மேல் பரிசோதனை வசதி உண்டு. பணம் ஒதுக்கியாயிற்று, நாம் போகாவிட்டால் அது யாருக்கும் பயன்படாது. கைப்பேசியில் பார்க்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு மேசை போட்டுப் பெயர் பார்த்துச் சொல்லும் வேலையை, சங்கம் அனுமதித்தால், இளைஞர்கள் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

மூன்றாவது, கடை வைத்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள். கேட்காமல் போடும் அளவைக் குறைத்து வைப்போம். கூடுதல் இனிப்பு வேண்டுவோர் கேட்டு வாங்கட்டும். வேலை செய்யும் பிள்ளைகளின் இருமலை நாம் முதலில் கேட்போம். கிளினிக் செலவைக் கடைச் செலவில் எழுதுவோம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். ஐம்பது ஆண்டுச் சித்திரத்தை நம் பெரியவர்கள் வரைந்து வைத்திருக்கிறார்கள். அடுத்த ஐம்பதுக்குச் சுவர் பத்திரமாக இருக்க வேண்டும். நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், ஆட்சியில் இருப்போருக்கு நீதியான கணக்கையும், நமக்கு நம் பொறுப்பை உணரும் மனத்தையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.